எல்.ஆர். வாங்கினால் போதாது, வாசிக்கவும் வேண்டும்

சூரத்தில் ஏற்றப்பட்டு தியாகராய நகருக்கு வரும் ஒரு சேலைப் பண்டலுக்கு லாரி வாடகை 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பு ஒன்றரை லட்சம். பண்டல் வழியில் தொலைந்துவிட்டது. லாரி நிறுவனம் எவ்வளவு தர வேண்டும்? ஒன்றரை லட்சம் என்றுதான் கடைக்காரர் நினைப்பார். புக்கிங் சமயத்தில் வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை என்றால் சட்டம் சொல்லும் விடை 7,000 ரூபாய். வாடகையைப் போல் பத்து மடங்கு, அதற்கு மேல் இல்லை.

இது ஏதோ ஒரு நிறுவனம் தன் வசதிக்கு அச்சடித்துக்கொண்ட நிபந்தனை அல்ல. 2007-ல் நாடாளுமன்றம் இயற்றி, 2011 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் போட்டிருக்கும் கணக்கு. அதுவரை 1865-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நம் லாரிகளை ஆண்டது. லாரியே இல்லாத காலத்தில் எழுதிய சட்டம்! புதிய சட்டம் அமலுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், பத்து மடங்கு வரம்பு இருப்பதே தெரியாத வியாபாரிகள் ஏராளம். அதைத் தாண்டும் வழி தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. வழி என்னவோ புக்கிங் ஆபீஸ் மேஜையில், கார்பன் வைத்து எழுதும் அந்த மெல்லிய தாளிலேயே இருக்கிறது.

சென்னையின் பெரிய லாரிக் கிடங்குகள் தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ அடையாறிலோ இல்லை. அவை வால்டாக்ஸ் சாலைப் பக்கமும் மாதவரம் பக்கமும் இருக்கின்றன. ஆனால் வாடகை கொடுப்பவர்களில் பலர் இந்தப் பகுதிகளின் ஆட்கள். ரங்கநாதன் தெருவின் துணிக்கடைக்காரர், வடக்கு மாட வீதியில் வாங்கிய கொலு பொம்மைகளை பெங்களூரு மகளுக்கு அனுப்பும் அம்மா, அடையாறிலிருந்து புனேவுக்கு வீடு மாற்றும் குடும்பம், வீட்டு ஹாலில் உட்கார்ந்தே இன்ஸ்டாகிராமில் சேலை விற்கும் பெண் என எல்லோருமே சட்டத்தின் பார்வையில் 'அனுப்புநர்' அல்லது 'பெறுநர்'. புக்கிங் ஆபீசில் இவர்களை கன்சைனர், கன்சைனி என்பார்கள்.

புக்கிங் ஆபீசில் எழுதும் அந்த மெல்லிய தாளுக்குப் பெயர் எல்.ஆர்., அதாவது லாரி ரசீது. வடநாட்டு நிறுவனங்களில் பில்டி என்பார்கள். சில இடங்களில் ஜி.ஆர். எந்தப் பெயர் சொன்னாலும் தாள் ஒன்றுதான். சட்டப்படி இது மூன்று பிரதிகளாக எழுதப்பட வேண்டும், அசல் அனுப்புநர் கையில் கிடைக்க வேண்டும். எத்தனை உருப்படி, எவ்வளவு எடை என்பதற்கு நீதிமன்றத்தில் முதல் சாட்சி இந்தத் தாள்தான். இதற்கு முன்னதாக, சரக்கு இன்னது, மதிப்பு இவ்வளவு என்று அனுப்புபவர் தானே நிரப்பிக் கையெழுத்திட்டுத் தரும் அனுப்புகைக் குறிப்பு ஒன்றையும் சட்டம் கேட்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் வாய்வார்த்தையாகவே முடிந்துவிடுகிறது.

"பண்டல்ல என்னண்ணே?"

"துணிதான்."

"வேல்யூ என்ன போட?"

"எதையாவது போடுப்பா, நேரமாகுது."

இந்த நான்கு வரியில்தான் ஒன்றரை லட்சம் 7,000 ஆகிறது. குமாஸ்தா மதிப்புக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு 'துணி, 1 பண்டல்' என்று எழுதுகிறார். பக்கத்திலேயே 'உள்ளே இருப்பதாகச் சொல்லப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எஸ்.டி.சி. என்று மூன்றெழுத்து அச்சாகியிருக்கும். பண்டலைத்தான் பார்த்தோம், பிரித்துப் பார்க்கவில்லை என்று நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வாசகம் அது. ஆகவே இன்வாய்ஸ் எண்ணை எல்.ஆரில் எழுதச் சொல்லி வாங்குவது முக்கியம். எண் இருந்தால், உள்ளே எத்தனை சேலை இருந்தது என்பதற்கு அந்த இன்வாய்ஸ் துணை நிற்கும்.

சரி, வரம்பைத் தாண்டுவது எப்படி? சட்டத்தின் 10, 11-ஆம் பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சரக்கின் உண்மையான மதிப்பைச் சொல்லி, 'கூடுதல் பொறுப்புக்கான கட்டணம்' செலுத்தச் சம்மதித்தால், அந்த ஒப்பந்தத்தில் உள்ளபடி நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். அப்போது பத்து மடங்குக் கணக்கு வராது. அந்தக் கூடுதல் கட்டண விகிதத்தை ஆங்கிலத்திலும் அந்தந்த மாநில மொழியிலும் அச்சடித்தோ எழுதியோ அலுவலகத்தில் தொங்கவிட்டிருந்தால்தான் நிறுவனம் அதை வசூலிக்க முடியும். சென்னையில் என்றால் தமிழில் எழுதியிருக்க வேண்டும். அடுத்த முறை புக்கிங் ஆபீஸ் போகிறவர்கள் சுவரை ஒரு பார்வை பார்க்கலாம். சாமி படமும் காலண்டரும் கண்ணில் படும். அறிவிப்பு இல்லையென்றால் கேட்பதில் தவறே இல்லை.

மதிப்பைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் வரிக்குப் பயந்த காலத்தின் மிச்சம். இன்று அதனால் லாபம் எதுவும் இல்லை. பத்து மடங்குத் தொகைகூட, சொன்ன மதிப்பைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. 5,000 ரூபாய் என்று போட்டவருக்கு 7,000 கூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு, தவறான விவரம் தந்ததால் நிறுவனத்துக்கு நஷ்டம் வந்தால் அதையும் அனுப்பியவரே ஈடுகட்ட வேண்டும்.

கட்டணம் எங்கே ஏறுகிறது

எல்.ஆரின் வலது ஓரத்தில் தொகைகள் வரிசையாக இறங்கும். 'பெய்ட்' என்றால் அனுப்புபவர் வாடகையைக் கட்டிவிட்டார். 'டூ பே' என்றால் சரக்கை எடுப்பவர் கட்ட வேண்டும். 'டி.பி.பி.' என்பது கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு மாதக் கடைசியில் பில் போடும் முறை. 'டூ பே'யில்தான் சண்டை அதிகம்: சூரத்தில் பேசிய வாடகை ஒன்று, சென்னைக் கிடங்கில் கேட்கும் தொகை வேறொன்று. வாடகை எண்ணைக் காலியாக விட்டு 'அங்கே பேசிக்கலாம்' என்று சொல்லும் எல்.ஆரை வாங்கவே கூடாது.

அடுத்தது எடை. தராசு காட்டுவது ஒரு எடை, பில்லில் ஏறுவது வேறு எடை. கொலு பொம்மைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். காகிதக் கூழ் பொம்மைகள், சுற்றிலும் வைக்கோல், பெட்டி 60 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம். தராசில் 9 கிலோதான். ஆனால் விமானக் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 1,50,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 30 கிலோ. பில் 30 கிலோவுக்குத்தான் வரும். லாரியிலும் கன அளவுக் கணக்கு உண்டு, வகுக்கும் எண் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. வண்டியில் எடையைப் போல் இடமும் விற்பனைச் சரக்கு. முன்கூட்டியே கேட்காதவர்தான் ஏமாந்ததாக நினைப்பார். பெரிய பெட்டி ஒன்றுக்குப் பதில் பொம்மைகளைச் சிறு பெட்டிகளில் நெருக்கி அடுக்கினால் பில் பாதியாகக்கூடும்.

முழு வண்டியை ஒருவரே அமர்த்தினால் ஃபுல் லோடு. பலருடைய சரக்கு கலந்து போனால் பார்ட் லோடு. திரும்பும்போது காலியாகப் போகாமல் கிடைத்ததை ஏற்றுவது ரிட்டர்ன் லோடு. வாடகை மலிவு, ஆனால் வண்டி எப்போது கிளம்பும் என்பது இன்னொருவரின் சரக்கைப் பொறுத்தது. முகூர்த்த நாளுக்கு வேண்டிய பட்டுச் சேலையை அதில் அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. பண்டலுக்கு இத்தனை என்று ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி உண்டு. வடநாட்டு பில்களில் இதையே ஹமாலி என்று போட்டிருப்பார்கள். ஒத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் வண்டி காத்திருந்தால் ஹால்டிங். வந்த சரக்கை எடுக்காமல் கிடங்கில் போட்டுவைத்தால் டெமரேஜ். இரண்டாம் கட்ட மெட்ரோ பணிக்காக லஸ், பனகல் பூங்கா பக்கம் பாதைகள் மாறிய பிறகு ஹால்டிங் தகராறுகளுக்குக் கேட்க வேண்டுமா? எத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கிடங்கில் சரக்கு தங்கிவிட்டால் நிறுவனம் இஷ்டப்படி விற்றுவிட முடியாது. பெறுநருக்கு நோட்டீஸ் தர வேண்டும். அதிலிருந்து 30 நாள் கழித்தும் யாரும் வரவில்லை என்றால்தான் அது கேட்பாரற்ற சரக்கு. அழுகும் பொருளுக்கு மட்டும் இந்தக் காலம் 24 மணி நேரம்தான். விற்ற பணத்தில் தன் பாக்கியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உரியவருக்குத் தர வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று இன்வாய்ஸிலும் இருக்கிறது. 'எக்ஸ் மில்', 'எக்ஸ் குடோன்' என்றால் விற்பவரின் வாசலோடு அவர் பொறுப்பு முடிகிறது, 'எஃப்.ஓ.ஆர். சென்னை' என்றால் சென்னை வரையிலான வாடகை விலைக்குள் அடக்கம். 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, விற்பவர் சரக்கை லாரி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலே, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும். சூரத்தில் லாரி ஏறிய சரக்கு நாக்பூரில் எரிந்தால், உஸ்மான் சாலைக் கடைக்காரர் பார்க்காத சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். புது வியாபாரிகள் இதைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் நஷ்டப்பட்ட பிறகுதான்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' முத்திரை

எல்.ஆரின் மூலையில் ஊதா மையில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கும். சரக்குக்கு என்ன ஆனாலும் உரிமையாளர் பாடு என்று அர்த்தம். அதைப் பார்த்தே பலர் நஷ்டஈடு கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நாத் பிரதர்ஸ் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த முத்திரையின் பலத்தைப் பார்த்தது. கிடங்குத் தீயில் அழிந்த சரக்கு அது. முத்திரை இருந்தாலும், கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து லாரி நிறுவனம் நழுவ முடியாது என்று தீர்ப்பானது. கவனக்குறைவு இருந்தது என்று சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று நிறுவனம்தான் காட்ட வேண்டும். இன்றைய சட்டத்தில் இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் தடை, சட்டப்படியான பறிமுதல் போன்ற காரணங்கள் விலக்காக உண்டு. அவற்றிலும் உரிய கவனம் காட்டியிருந்தால் நஷ்டத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றால் விலக்கு கிடையாது.

எல்.ஆரின் பின்பக்கம் வெளிறிய சாம்பல் எழுத்தில் இன்னொன்று இருக்கும்: 'வழக்குகள் பம்பாய் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை.' இதை எதிர்த்து நின்றவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். பிரசாத் டிரேடிங் கம்பெனி போடிநாயக்கனூரில் ஏலக்காய் புக் செய்தது. டெல்லிக் கிடங்கில் தீப்பிடித்து அது வீணானது. இன்னொரு நிறுவனம் சென்னையில் பூச்சிமருந்து புக் செய்தது. அதுவும் டெல்லியில் சேதமாகி இறங்கியது. இரண்டையும் சுமந்தது படேல் ரோட்வேஸ். முதல் வழக்கு பெரியகுளத்திலும் இரண்டாவது சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்திலும் தொடரப்பட, நிறுவனம் பின்பக்க வாசகத்தைக் காட்டியது. 1991-ல் உச்ச நீதிமன்றம், நிறுவனத்துக்கு ஓர் ஊரில் கிளை இருந்து, அங்கேயே வழக்குக்கான காரணமும் எழுந்திருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம், அச்சடித்த ஒரு வரியால் பம்பாய்க்கு அதிகாரம் முளைத்துவிடாது என்றது. வழக்கோடு சட்டப்படி தொடர்புள்ள இரண்டு ஊர்களில் ஒன்றை ஒப்பந்தத்தில் குறிப்பிட்டால் அது செல்லும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பின்பக்க வாசகம் எல்லாமே வெற்றுக்காகிதம் என்று நினைப்பதும் ஆபத்து. பாரதி நிட்டிங் கம்பெனி 1990-ல் ஜெர்மனிக்கு ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் அனுப்பியது. உறை போய்ச் சேரவில்லை. ஏற்றுமதியில் ஏற்பட்ட நஷ்டத்தைக் கம்பெனி கேட்டது. பொறுப்பு 100 டாலர் வரைதான் என்ற நிபந்தனையுள்ள படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால், 1996-ல் உச்ச நீதிமன்றம் 100 டாலரையே உறுதி செய்தது. எந்த ஊர் நீதிமன்றம் என்ற வாசகத்தை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். எவ்வளவு பணம் என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து இருந்தால் அது அநேகமாக நிற்கும். விலைமதிப்புள்ள பொருளை அனுப்புகிறவர் படிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

காப்பீடு என்ற பெயரில்

பில்லில் 'எஃப்.ஓ.வி.' என்று சரக்கு மதிப்பில் ஒரு சதவீதத்தைச் சேர்த்திருந்தால் பலரும் அதை இன்சூரன்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். அது நிறுவனமே தன் பொறுப்புக்காக வாங்கும் கட்டணம். காப்பீடு என்றால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், பாலிசி எண், சரக்கு விவரம் உள்ள சான்றிதழ் கையில் வர வேண்டும். வண்டி கிளம்பும் முன் அது வரவில்லை என்றால் காப்பீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தரைவழிச் சரக்குக்கான பாலிசியையும் மரைன் பாலிசி என்றுதான் விற்பார்கள், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பாலிசி இருந்தால் லாரி நிறுவனத்தை விட்டுவிடலாமா? கூடாது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் 1995 அக்டோபரில் 7,70,948 ரூபாய் மதிப்புள்ள பின்னலாடை நூலை எகனாமிக் டிரான்ஸ்போர்ட் மூலம் கல்கத்தாவுக்கு அனுப்பியது. வண்டி விபத்தில் சிக்கி நூல் பாழானது. இன்சூரன்ஸ் கம்பெனி மில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மில்லோடு சேர்ந்து திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்தில் லாரி நிறுவனத்தின் மீது புகார் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போய், 2010-ல் முடிந்தது. பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி, சரக்குக்காரரின் இடத்தில் நின்று லாரி நிறுவனத்திடம் வசூலிக்கலாம் என்றது தீர்ப்பு. அதனால்தான், லாரி நிறுவனத்துக்கு உரிய காலத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் தங்கள் வசூல் உரிமையைக் கெடுத்தவர்களின் கிளெய்மில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் கை வைக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனியே இழுத்தடித்தால், தனிநபர்களும் சிறு தொழில் செய்வோரும் முறையிட இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது.

குட்டி யானையும் வீடு மாற்றும் வண்டியும்

பெரிய லாரிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு இருப்பதால், சரக்கு கிடங்கில் இறங்கி 'குட்டி யானை' எனப்படும் சிறு சரக்கு வண்டியிலோ லோடு ஆட்டோவிலோ கடைக்கு வருகிறது. எல்.ஆர். 'குடோன் டெலிவரி' என்றால் நிறுவனத்தின் பொறுப்பு கிடங்கு வாசலோடு சரி. அதற்குப் பிறகு வழியில் மழையில் நனைந்தால் கேட்க ஆளில்லை. 'டோர் டெலிவரி' என்று எழுதியிருந்தால் கடை வாசல் வரை அவர்கள் பொறுப்பு. சில நூறு ரூபாய் வித்தியாசம்தான்.

சரக்கை எடுக்கும்போது, அது வந்து சேர்ந்ததற்குச் சான்றாக நீட்டப்படும் பி.ஓ.டி. பிரதியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. கட்டு அவிழ்ந்திருக்கிறதா, தையல் புதிதா, அடிப்பக்கம் ஈரமா என்று பார்த்துவிட்டு, குறை இருந்தால் 'ஒரு பண்டல் குறைவு', 'பெட்டி நசுங்கி, நனைந்து வந்தது' என்று அந்தப் பிரதியிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். டிரைவர் அவசரப்படுத்துவார்தான். அவர் முன்னாலேயே போட்டோ எடுத்து, நிறுவனத்திடம் டேமேஜ் அல்லது ஷார்டேஜ் சர்டிபிகேட் கேட்க வேண்டும். குறை எதுவும் எழுதாத கையெழுத்தை வைத்துக்கொண்டு மறுநாள் சண்டை போடுவது கஷ்டம்.

வீடு மாற்றும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழிலில் நல்லவர்களும் இருக்கிறார்கள்; பேர்போன நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு, போன் நம்பர் மட்டும் வைத்துத் தொழில் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். உத்தி எப்போதும் ஒன்றுதான். ஊரிலேயே குறைந்த தொகையைச் சொல்லி சாமானை ஏற்றுவார்கள். மறுநாள் போன் வரும்: "சார், எடை கூடிடுச்சு, இன்னும் 15,000 போட்டாதான் வண்டி கிளம்பும்." பாத்திரமும் பீரோவும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் எங்கோ ஒரு ஷெட்டில் இருக்கும். மறுக்க யாருக்கு மனம் வரும்?

முன்ஜாக்கிரதை பெரிய வேலை இல்லை. பொதுச் சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்ய 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும், அதைக் காட்டச் சொல்லலாம். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் பார்க்கலாம். 'ஐ.பி.ஏ. அப்ரூவ்டு' என்ற வாசகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது லாரி நிறுவனங்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் தரும் பரிந்துரை, விளம்பரத்தில் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். சாமான் பட்டியலில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். மொத்தத் தொகையை முன்பணமாகக் கட்டக் கூடாது. நகை, பத்திரம், சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியும் சாமானைப் பிடித்துவைத்து மிரட்டினால், பேசிய தொகையைக் காட்டும் செய்திகளோடு காவல் நிலையத்துக்குப் போகலாம். சரக்கைச் சுமக்க நம்பி ஒப்படைக்கப்பட்டவர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'இது சிவில் விவகாரம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. ஆவணமான ஈ-வே பில் பற்றியும் கொஞ்சம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வரம்பு 1 லட்சம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலாவதி கணக்கிடப்படும், 1,000 கிலோமீட்டர் என்றால் 5 நாள். வண்டி பழுதானால் காலாவதிக்கு முன்போ பின்போ 8 மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். லாரி நிறுவனத்தின் கிடங்கிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள கடைக்குக் கடைசியாகக் கொண்டுபோகும் வண்டியின் எண்ணைப் புதுப்பிக்கத் தேவையில்லை. மாதவரம் முதல் தி.நகர் வரை அந்தச் சலுகைக்குள் வரும். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில்லே வேண்டாம். ஆனாலும் சாமான் பட்டியலும் சொந்த உபயோகம் என்ற கடிதமும் டிரைவர் கையில் இருந்தால் வழியில் வண்டி நிற்காது. பில் இல்லாமல் வியாபாரச் சரக்கு பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து மீட்பதற்கே வரியைப் போல் இரு மடங்கு அபராதம்.

எங்கே போவது

வீட்டுச் சாமான் அனுப்பியவர் நுகர்வோர். அவர் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தொடங்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தான் குடியிருக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். மயிலாப்பூர்க்காரர் புனே நிறுவனத்தைத் தேடி அங்கே போக வேண்டாம். ஆணையத்தின் வரம்பு கொடுத்த கட்டணத்தை வைத்துத்தான் பார்க்கப்படும். கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கடைக்காரர்களுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கிறது. 2003-க்குப் பிறகு வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவைகள் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு, வீட்டிலிருந்து சேலை விற்கும் பெண் அதைக் காட்டி வாதாடலாம். மற்றவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றம், கெடு 3 ஆண்டு. அதற்கு முன் பலருக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கிறது: நிரந்தர மக்கள் நீதிமன்றம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்தும் அதன் வரம்பில் வரும் பொதுப் பயன்பாட்டுச் சேவைதான். 1 கோடி ரூபாய் வரையிலான தகராறை நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம்; சமரசம் ஏற்படாவிட்டால் அதுவே தீர்ப்பும் சொல்லும். விவரத்துக்குச் சட்ட உதவி எண் 15100.

எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படும் ஒரு காகிதம் உண்டு. சரக்கு தொலைந்தது அல்லது சேதமானது என்று லாரி நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்; 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதற்குத் தரும் கெடு 180 நாள். 'வந்துடும் சார், ட்ராக் பண்ணிட்டிருக்கோம்' என்ற பதிலிலேயே மாதங்கள் ஓடிவிடும். அந்த 180 நாள், சரக்கு தொலைந்தது தெரியவந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. எல்.ஆரில் எழுதியிருக்கும் புக்கிங் தேதியிலிருந்தே எண்ணப்படுகிறது.